எல்லோரும் ஆமென் சொன்னோம்

எங்கள் அண்ணன் ஞானதாஸ் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் கல்லும் கண்ணை மூடிக்கொள்ளும் என்று செங்கல்பட்டில் எங்கள் சபையில் சொல்வார்கள். பொய்யில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, புதுமனை பால் காய்ச்சும் வீடு, எதுவானாலும் ஆயர் ஆபிரகாம் தன் பங்கை முடித்துவிட்டு, "ஞானதாஸ் பிரதர், ஒரு வார்த்தை ஜெபம்" என்பார். ஒரு வார்த்தை என்றால் கால்மணி நேரம். முட்டி வலித்தவர்கள்கூடக் குறை சொல்லமாட்டார்கள். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் பையனுக்கு வேலை வரவில்லை என்று பேர் பேராக நினைவு வைத்திருந்து ஆண்டவரிடம் எடுத்துச் சொல்வார். தன் பேர் எப்போது வரும் என்று காத்திருந்து அழுதவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வாயால் ஒரு பிள்ளையைக் குத்தவும் முடியும் என்பதை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகள் ஜெனிட்டா.

அது 1999. ஜெனிட்டா பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று பேராயர் வந்து எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் கொடுப்பதாக இருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போது அப்பா அம்மா தூக்கிக்கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறோம். வளர்ந்த பிறகு பிள்ளையே சபைக்கு முன்னால் நின்று, என் விசுவாசம் என்னுடையது என்று தன் வாயால் சொல்லுகிற நாள் அது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கை நீட்டி அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தும் கிடைக்கும். பெண் பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டுவார்கள். சலோமி அண்ணி பிப்ரவரியிலேயே சேலை எடுத்துவிட்டாள். ரவிக்கை நான் தைத்தேன். ஜெனிட்டா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்று இரண்டு தடவை பிரிக்க வைத்தாள். அவ்வளவு ஆசை அவளுக்கு.

அதற்காக நடந்த வகுப்பில் ஆயர் பிள்ளைகளிடம், கர்த்தருடைய பந்திக்கு வருமுன் மனசில் உறுத்துவதை இறக்கிவைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். ஜெனிட்டா செய்தாள். ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம் வந்து நின்று, அரையாண்டுப் பரீட்சையில் வேதியியல் சமன்பாடுகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுபோய்ப் பார்த்து எழுதியதைச் சொன்னாள். யாரும் பிடிக்கவில்லை. நல்ல மார்க் வேறு வந்துவிட்டது. அந்த மார்க்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அண்ணன் அன்றைக்குச் செய்தது சரி. அதை மறைக்கமாட்டேன். திட்டவில்லை. கட்டில் பக்கத்தில் மகளோடு முழங்கால் போட்டு, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். எழுந்து, "கர்த்தர் மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன். இத்தோட வுட்டுடு" என்றார். இது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அண்ணிக்குக்கூடத் தெரியாது.

லெந்து காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்களுக்கு வீட்டுக்கூட்டம். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீடு. பாட்டு, வசனம், ஜெபம், கடைசியில் கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும். அண்ணன் வீட்டு முறை ஒரு வியாழக்கிழமை வந்தது.

அண்ணன் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். அந்த வியாழக்கிழமை அங்கே நடந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. புதிதாக வந்திருந்த மானேஜர் நிதின், அண்ணன் வயசில் பாதிதான் இருப்பான். தப்பான அளவு போல்ட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. அந்த அளவை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பச் சொன்னவனே அவன்தான். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்ததும், போல்ட் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து அண்ணன் காலடியில் கொட்டினான். லோடு ஏற்றுகிற பையன்கள் எல்லோரும் நிற்க, "உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? பொறுக்கு" என்றான். அண்ணன், "சாரி சார்" என்று சொல்லி முழங்கால் போட்டுப் பொறுக்கினார். பையன்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் சபையிலிருந்து வாங்கி வந்த ஜமக்காளம் சுருட்டினபடி கிடந்தது. விரிக்கவேண்டியவள் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயசுப் பெண் சிரிக்க ஒரு காரணம் வேண்டுமா? அண்ணன் மேலே பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், கத்த வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஜமக்காளத்தை விரித்தார்.

கூட்டத்துக்கு வீடு கொள்ளாத ஜனம். ஜெனிட்டாவின் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற ராஜம் டீச்சரும் வந்திருந்தார்கள், அவர்களும் எங்கள் சபைதான். பாட்டு முடிந்து, வசனம் முடிந்து, வழக்கம்போல ஆயர் அண்ணனைக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் கண்ணை மூடினோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நோயாளிகள் வந்தார்கள், வேலையில்லாத பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் குரல் மாறியது.

"ஆண்டவரே, இந்த வீட்டிலே ஒரு பிள்ளை இருக்கிறாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உம்முடைய பந்தியிலே உட்கார ஆசைப்படுகிறாள். பரீட்சையிலே உள்ளங்கையில் எழுதிவைத்துப் பார்த்து எழுதின கையைத்தான் அவள் உமக்கு முன்பாக நீட்டப் போகிறாள். அந்தக் கையைப் பாரும் ஆண்டவரே. அவளுடைய சிரிப்பை அடக்கும். அவளுடைய திமிரை உடைத்துப்போடும்."

"ஆமென்" என்றார்கள் அங்கங்கே. ஜெபத்தில் குரல் உயர்ந்தால் ஆமென் சொல்லிப் பழகிய வாய்கள். நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னார் என்று உறைத்து, கண்ணைத் திறந்தேன். சமையலறை வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த ஜெனிட்டாவின் கண்ணும் திறந்திருந்தது. உள்ளங்கையை ஜமக்காளத்தில் கவிழ்த்து அழுத்தி வைத்திருந்தாள். அண்ணன் கண் மட்டும் இறுக மூடியிருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம்.

நேருக்கு நேர் திட்டினால் பிள்ளை பதில் சொல்லும், அழும், எழுந்துபோகும். ஜெபத்தில் திட்டினால் என்ன செய்யும்? எழுந்தால் ஜெபத்தை மதிக்காதவள். பேசினால் ஆண்டவரை எதிர்த்தவள். அறைக்குள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்ன ஆண்டவர் சும்மா சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஜெனிட்டாதான் சுண்டல் கொடுத்தாள். ஒருவரையும் விடாமல் கொடுத்தாள். ராஜம் டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபின் நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி, இன்னா இது, எனக்கே தெரியாத சமாசாரம் என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன திட்டினேனா, அடித்தேனா, ஜெபம்தானே பண்ணினேன் என்று அவர் சொன்னார். ஜெனிட்டா உள்ளே இருந்து வந்தாள்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களேப்பா."

"நான் ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"அவருக்குத்தான் தெரியுமே."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்து திடப்படுத்தல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், எனக்கு வாணாம் என்று ஒரே வார்த்தை. குடும்ப ஜெபத்தில் வந்து உட்காருவாள், ஆனால் கண்ணை மூடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அடுத்த பரீட்சை எழுதும்போது ராஜம் டீச்சர் நேரம் முழுக்க அவள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். கெட்டவர் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். ஜெனிட்டா பாதிப் பரீட்சையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நான் அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். யார் மேல் இருந்த கோபத்தையோ கொண்டுவந்து பிள்ளை தலையில் கொட்டியிருக்கிறாய், யார் மேல் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது ஆண்டவருடைய கோபம் இல்லை என்று மட்டும் தெரியும் என்றேன். என் வாய் கொஞ்சம் நீளம். வழக்கமாக ஏதாவது வசனம் சொல்லி அடக்குவார். அன்றைக்குச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு கூட்டங்களில் ஆயர் ஜெபிக்கச் சொன்னால், தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழித்தார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்பு வந்த கடைசி வீட்டுக்கூட்டம் ஆயர் வீட்டில். ஜெனிட்டா வரவில்லை. சாட்சி சொல்ல யாருக்காவது வாஞ்சை உண்டா என்று ஆயர் கேட்டதும் அண்ணன் எழுந்தார். என் மகள் பரீட்சையில் காப்பியடித்ததை என்னை நம்பிச் சொன்னாள், நான் அதை மறைக்காமல், ஏதோ ஒரு கோபத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், நான் பாவி என்று அழுதார். பெரிய மனுஷன் அழுதால் கூட்டம் தாங்குமா? எல்லோரும் அழுதார்கள். ஆயர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஞானதாஸ் பிரதர் மாதிரி தாழ்மை யாருக்கு வரும் என்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். எனக்குக்கூட மனசு லேசாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் ஜெனிட்டா என் வீட்டுக்கு வந்தாள். வழியில் மூன்று பேர் அவளை நிறுத்தி, இப்படி ஒரு அப்பா கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அண்ணன் வீட்டுக் கூட்டத்துக்கே வராதவர்கள். அவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"அழுதது அப்பா. நல்ல பேரும் அப்பாவுக்கு. காப்பி அடிச்சவ மட்டும் நான், அத்தை" என்றாள். அழவில்லை. தையல் மெஷின் மேல் கிடந்த துண்டுத் துணிகளை ஒன்றொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

இதை அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ, என்னால் முடியவில்லை. அவர் நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். முதல் தடவை கோபத்தைக் கொட்டினார், இரண்டாம் தடவை தன் வெட்கத்தைக் கொட்டினார். இரண்டு தடவையும் கொட்டியது ஒரே பிள்ளை தலையில். கோபம் எங்கேயிருந்து வந்தது என்பதை மட்டும் இரண்டு தடவையும் பத்திரமாகத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

குருத்தோலை ஞாயிறன்று வெள்ளைச் சேலை பீரோவிலேயே இருந்தது. ஜெனிட்டா பழைய சுடிதாரில், கையில் குருத்தோலையோடு, கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளோடு ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளைகள் வரிசையாகப் போய் முழங்கால் போட்டார்கள். பேராயர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்தபோது அவள் குருத்தோலையைப் பின்னிக்கொண்டிருந்தாள், சிலுவையாகப் பின்னி, பிரித்து, மறுபடியும் பின்னினாள். ஆண்கள் பக்கத்தில் அண்ணன் தலை நிமிரவே இல்லை. திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்துபோக, அவர் எழவில்லை. பெரிய வியாழனன்றும் எழவில்லை, ஈஸ்டர் அன்றும் எழவில்லை. இதுவும் ஊர் பார்க்க ஒரு நாடகமோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணியிடம் மட்டும் சொன்னாராம், என்னால்தானே அவளுக்குக் கிடைக்கவில்லை, நான் எந்த முகத்தோடு கையை நீட்டுவது என்று.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை எங்கள் சபை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவது வழக்கம். ஒரு பஸ் பேசிக்கொண்டு, அண்டாவில் புளியோதரையும் அவித்த முட்டையும் ஏற்றிக்கொண்டு போவோம். ஜெனிட்டா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அண்ணி கெஞ்சிக் கூட்டி வந்தாள். பிள்ளைகள் அலையில் குதித்துக்கொண்டிருக்க, அவள் சவுக்கைத்தோப்பு நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவல். அண்ணன் வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, காதையும் மூடிக்கொள்ளவில்லை.

கடலைப் பார்த்தபடியே நிதினைப் பற்றிச் சொன்னார், பெட்டியைக் கொட்டியதைச் சொன்னார். ஜெபத்தில் பேசுகிற குரலே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது.

"படிக்கத் தெரியுமா தெரியாதான்னு கேட்டான். எல்லாப் பசங்களும் பாத்துகினு இருந்தானுங்க. தப்பு அவனோடதுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல. சாரி சார்னு சொல்லிட்டு முட்டி போட்டுப் பொறுக்கினேன். ஒருத்தன் சிரிச்சான். வூட்டுக்கு வந்தா நீ சிரிச்சிகினு இருந்த. அவனக் கேக்க எனக்கு தைரியம் இல்லம்மா. உன்ன அடிச்சேன். ஆண்டவர் பேரச் சொல்லி அடிச்சேன்."

மன்னித்தேன் என்று இப்போது நீ சொல்லவேண்டாம், என்றைக்குச் சொல்லத் தோன்றுகிறதோ அன்றைக்குச் சொன்னால் போதும், சொல்லாவிட்டாலும் சரி என்றார் அவர்.

ஜெனிட்டா, "அம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்ல. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதற்குள் சாப்பாட்டுக்கு ஆயர் கூப்பிட்டுவிட்டார்.

மணலில் ஜமக்காளத்தை விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். அதே ஜமக்காளம். ஆயர் வழக்கம்போல அண்ணனைப் பார்த்து, தொண்டை சரியாகிவிட்டதா பிரதர், சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை என்றார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஆயர் சிரித்துக்கொண்டு, அப்பா பண்ணாவிட்டால் மகள் பண்ணட்டும் என்று ஜெனிட்டா பக்கம் திரும்பினார். அவர் நல்லதாகத்தான் நினைத்தார். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைக் கூப்பினாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஜெனிட்டாவும் மூடவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணை மூடி, கழுத்தைத் தாழ்த்தி, அடி விழப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் காது நுனி சிவந்திருந்தது. இப்போது எல்லாம் அவள் கையில் இருந்தது. கம்பெனியில் முட்டி போட்டவருக்காக ஜெபிக்கிறேன் என்று அவள் ஒரு வரி சொன்னால் போதும், சபை முழுக்க ஆமென் சொல்லும். நாங்கள் சொல்லக்கூடியவர்கள்தான், ஏற்கனவே சொல்லியிருக்கிறோம்.

"ஆண்டவரே" என்றாள். "எங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அண்ணனின் தோள் குறுகியது.

"எங்கப்பா, அம்மா, இங்க கீற எல்லாருக்கும் நீங்க குடுத்த சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். எல்லோரும் ஆமென் சொன்னோம். அண்ணன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.